மார்கிரட் தைத்த முழுக்கைச் சட்டைகள்

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9ஆம் திகதி, திங்கட்கிழமை. வட்டகொடையில் விடியும்போது வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்தது. புகையிரதம் நாவலப்பிட்டியை நெருங்கும்போது மேகம் கூடியது; கண்டியில் இறங்கியபோது இடியோடு மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டுவராத மார்கிரட், பெரியாஸ்பத்திரியின் மர வாங்கில் நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தாள். ஈரத்தை அவள் பொருட்படுத்தவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருப்பதற்கு அந்த ஈரம் நல்ல சாட்டாக இருந்தது. குளிருக்கு ஒடுங்கியிருக்கிறாள் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அந்தக் கைகளே அவளை அங்கே கொண்டுவந்திருந்தன. விரல் முட்டிகளின்மேல் மஞ்சள் நிறக் கட்டிகள் இருந்தன. இருபது வயதில் பருப்பளவாகத் தொடங்கியவை, முப்பத்து மூன்று வயதில் புளியங்கொட்டையளவுக்குத் தடித்துவிட்டன. வலியில்லை, அரிப்பில்லை, உடைந்து நீர் வடிவதுமில்லை. முழங்கையிலும் அதே போன்று இரண்டு. கண்ணிமையின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று படிந்திருந்தது. அதைப் பிறர் அழகென்று எண்ணினர்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்தில் அக்கட்டிகளை மறைப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. முற்றிய தண்டு விரலை அறுக்காதிருக்கப் பெண்கள் ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் பழந்துணி சுற்றிக்கொள்வது மலையில் வழக்கம். மார்கிரட் எல்லா விரல்களுக்கும் முட்டியை மூடிச் சுற்றினாள். பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த பேச்சியம்மா, மார்கிரட் தன் கைக்குச் சடங்கு செய்து சேலை கட்டி விட்டிருக்கிறாள் என்று கேலி செய்வாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், மார்கிரட்டும் சேர்ந்து சிரிப்பாள். நிரையில் நின்றவரை அந்தத் துணி அவளைக் காப்பாற்றியது.

பிள்ளைக்காம்பராவில் அது காப்பாற்றவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அவ்விடத்தின் ஆயா இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள், கோயிலில் நன்றாகப் பாடுகிறவள், சுத்தக்காரி என்று மார்கிரட்டை அந்த இடத்துக்கு எடுத்தார்கள். மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று பழகியவளுக்கு அது சொர்க்கமாக இருந்தது. லொறி விபத்தில் கணவன் இக்னேசியஸ் இறந்தபின், மகள் பெற்றீசியாவை வளர்ப்பதற்கு அந்த வேலை ஒரு பிடிமானமுமாயிற்று. ஆனால் பால் கலக்குகிற கையில் கொழுந்துத் துணி எதற்கு? இரண்டாம் வாரமே ஒரு தாய் அவள் மடியிலிருந்த தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் இன்னும் இருவர் பிள்ளை கொண்டுவரவில்லை. பெரிய வியாதி என்ற சொல் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் தாவியது. தொழுநோயை அந்தப் பெயர்கொண்டுதான் மலையில் குறிப்பார்கள். பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளுமென்று பயம்.

தோட்டத்து வைத்திய அலுவலர், டொக்டரய்யா என்று எல்லாரும் அழைக்கும் இராமையா, நேர்மையான மனிதர். இது அந்த வியாதி போல் தமக்குத் தோன்றவில்லை என்றும், ஆனால் தாம் சொன்னால் சனம் நம்பாது, கண்டியில் காட்டி வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கண்டியில் அவளைப் பார்த்தவர் இளம் பெண் வைத்தியர். பெயர் பௌசியா, ஹட்டனில் புடைவைக் கடை வைத்திருந்தவரின் மகள். மலையகத் தமிழ் கேட்டதும் மார்கிரட்டுக்குப் பாதி உயிர் திரும்பியது. பௌசியா கட்டிகளை ஊசிமுனையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்தம் எடுக்கச் செய்தார். பின்னேரம் மீண்டும் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, இது பெரிய வியாதி இல்லை, யாருக்கும் ஒட்டாது, இது கொழுப்பு என்று சொன்னார்.

மார்கிரட்டுக்கு முதலில் விளங்கவில்லை. ஒட்டி உலர்ந்த தன் உடம்பில் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். வைத்தியர் சிரித்தார். சிரித்தவர், வேலை முடிந்த களைப்பையும் பாராமல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினார்.

உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு தோல் உண்டு. இரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்புத் துணிக்கைகளைக் கலம் உள்ளே எடுத்துக்கொள்ளவேண்டும். எப்படி எடுக்கும்? அத்தோலின் வெளிப்புறத்தில், துணிக்கையைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற பொருள்கள் இருக்கின்றன. உட்புறத்திலே புரதத்தாலான ஓர் உறை படிகிறது. அவ்வுறை வளைய வளையத் தோலும் குழிந்து, குழி ஆழமாகி, வாய் குறுகி, ஈற்றில் ஒரு சிறு பையாக உள்ளே கழன்றுவிடுகிறது. அந்தப் பைக்குப் புடகம் என்று பெயர். பை உள்ளே சென்றதும் உறை பிரிந்து, அடுத்த குழிக்கு உதவத் திரும்பிவிடும். இதை வெளிநாட்டில் நன்கு கண்டறிந்து சில வருடங்களே ஆகின்றன என்றும், அந்த உறைப் புரதத்துக்குப் பெயர் வைத்ததே அண்மையில்தான் என்றும் பௌசியா சொன்னார். சொல்லிக்கொண்டே தம் கைக்குட்டையை மேசையில் விரித்து, நடுவில் பஞ்சுருண்டை ஒன்றை வைத்து, நான்கு பக்கமும் கூட்டி முடிந்து காட்டினார்.

மார்கிரட் அந்த முடிச்சைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் நாள்தோறும் கண்டது அதுதான். சாக்குப் படங்கை விரிப்பார்கள். பெண்கள் கூடைகளை அதில் கொட்டுவார்கள். நான்கு மூலையையும் கூட்டிப் பொதியாக்கி லொறியில் ஏற்றுவார்கள். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்தைக் கொட்டியபின் படங்கு மட்டும் மலைக்குத் திரும்பி வரும்.

“அப்ப எனக்குப் படங்கு இல்லீங்களா?” என்று அவள் கேட்டாள்.

வைத்தியருக்குப் படங்கு என்னவென்று தெரியவில்லை. மார்கிரட் விளக்கினாள். பௌசியா இல்லையென்று தலையை அசைத்தார்.

“படங்கு இருக்கு. நேரத்துக்கு விரியுது, சுருட்டிக்கிட்டும் போகுது. அதுல கொட்டுற கை, அந்தக் கொக்கிதான் ஒங்களுக்குப் பாதி இல்ல. அதனால கொழுந்து ரோட்டோரத்துலயே கெடக்குது. கெடந்தா என்னாகும்?”

வாடிச் சிவந்து போகும் என்பது மார்கிரட்டுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவ்வாறே உள்ளே போகாத கொழுப்பு இரத்தத்தில் நிறைந்து, நரம்போடும் தசையோடும் ஒட்டிக் கட்டியாகிறது. நெஞ்சின் இரத்தக் குழாயிலும் படிகிறது, அங்கேதான் ஆபத்து என்றார் வைத்தியர். முட்டை மஞ்சட் கரு, தேங்காய்ப்பால், நெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார். முற்றாக மாற்றும் மருந்து இந்நாட்டில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். இந்தக் குறை தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவது, ஒரு வீட்டில் பிறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஒங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்பிடிக் கட்டி இருக்கா?”

மார்கிரட்டின் கண்முன் இருவர் வந்தார்கள். ஒருவர் தகப்பன். நாற்பது வயதில், காலைப் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். முனி அடித்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. மற்றவன் தம்பி சிறில். தாயும் போனபின் அவள் கையால் சோறு உண்டு வளர்ந்தவன், இருபத்தேழு வயது, ஸ்டோரில் றோலர் இயந்திரத்தில் வேலை. அவன் முழங்கை இரண்டிலும் மஞ்சள் கட்டிகள் இருந்தன. அந்த மாதந்தான் திம்புள்ளைப் பக்கத்துப் பெண் பவுலினை அவனுக்குப் பேசி, தை மாதத்தில் கலியாணம் என்று நிச்சயித்திருந்தார்கள்.

பெரிய வியாதி என்றால் அது ஒருத்தியோடு போகும். குடும்பத்தில் ஓடுவது என்றால் பெண் கொடுக்கிறவன் யார்? இவ்வளவையும் அவள் ஒரு மூச்சு நேரத்தில் எண்ணிவிட்டாள்.

“இல்லீங்க, டொக்டரம்மா. எனக்கு மட்டுந்தான்.”

பௌசியா அதை அட்டையில் குறித்துக்கொண்டார். இருந்தால் அழைத்து வாருங்கள், இரத்தம் பார்க்கலாம், பீடி குடிப்பவராயிருந்தால் நிறுத்தச் சொல்லலாம், நெஞ்சுவலி என்று வந்தால் வாயுவென்று விட்டுவிடாமல் கவனிக்கலாம் என்று மட்டும் சொன்னார். மார்கிரட் தலையாட்டினாள்.

வட்டகொடை நிலையத்தில் சிறில் குடையோடு நின்றான். அக்காவின் முகத்தைப் பார்த்தே நல்ல செய்தி என்று தெரிந்துகொண்டு, கண்டியில் அவளுக்குத் தங்கக் காப்புப் போட்டு அனுப்பிவிட்டார்களா என்று கேலி பேசினான். பெரிய வியாதி இல்லையாம், வெறும் கொழுப்புக் கட்டியாம் என்றாள் அவள். சிறில் தன் முழங்கையைத் தடவினான்.

“அப்ப எனக்கும் அதேதானேக்கா?”

ஒரு சொல் போதுமாயிருந்தது. பீடியும் அவன் விரலிடுக்கில்தான் இருந்தது. கலியாணம் முடியட்டும், அதுவரை கையை மூடிக்கொள், யாரிடமும் மூச்சுவிடாதே என்று மட்டும் அவள் சொன்னாள். கலியாணம் முடிந்தபின் சொல்லிவிடலாம் என்று அன்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

கைத் தையல் இயந்திரம் ஒன்று அவளிடம் இருந்தது. கலியாணத்துக்கென்று அவள் தைத்த சட்டை முழுக்கைச் சட்டை. அதன்பின் இயேசு பிறந்த நத்தார்த் திருநாள்தோறும் ஒன்று. நல்ல துணி, மணிக்கட்டில் இரட்டைத் தையல், மடித்துவிட முடியாதபடி இறுக்கமான பொத்தான். றோலரின் சூட்டில் மற்ற ஆண்கள் பனியனோடு நிற்கும்போது சிறில் மட்டும் மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு வேர்த்து நின்றான். ஸ்டோரில் அவனுக்கு முழுக்கைத் தொரை என்று பட்டப்பெயர் விழுந்தது. பேச்சியம்மாவின் மகன் வீரய்யா அவன் முன்னால் குனிந்து சலாம் போட்டு, தொரை இன்றைக்கு எந்த மலை பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பானாம். சிறில் அதையும் சிரித்துக்கொண்டே அக்காவிடம் வந்து சொல்வான். தம்பிமேல் எத்தனை பாசம், வருடந் தவறாமல் தன் கையால் தைத்துப் போடுகிறாள் என்று லயத்துப் பெண்கள் மெச்சினார்கள். அந்த மெச்சுதலை மார்கிரட் மறுக்கவில்லை, குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைக்காம்பரா அவளுக்கு நிலைத்தது. கண்டி வைத்தியரின் சொல்லை டொக்டரய்யா பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னபின், தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். அவள் கட்டிகளை மறைப்பதை விட்டாள். தவழும் குழந்தைகள் அவள் விரல்முட்டிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றன. வீட்டில் தனக்கு வேறாகவும், ஞாயிறு பூசைக்குப்பின் சாப்பிட வரும் தம்பிக்கு வேறாகவும் சமைத்தாள். தன் கோப்பையில் பருப்பும் கீரையும். அவன் கோப்பையில் தேங்காய் முதற்பாலில் வைத்த முட்டைக் கறி, நெய்யில் பொரித்த கருவாடு. தனக்கு ஏன் இல்லை என்று அவன் கேட்டால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். தனக்கு விலக்கிய உணவைத் தம்பிக்குப் பரிமாறுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் நிறுத்தினால் ஏன் என்ற கேள்வி வரும்; அதற்குப் பதில் சொன்னால் பவுலின் காதில் விழும்; பவுலினுக்கு முதலில் ஒரு பையனும் பின்னர் ஒரு பெண்ணும் பிறந்திருந்தார்கள். கலியாணம் முடிந்தபின் சொல்லலாம் என்றிருந்தது, பிள்ளைப்பேறு முடிந்தபின் என்றாயிற்று. பிறகு பிள்ளை நடக்கட்டும் என்றாயிற்று.

எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரத்தில் நகரங்கள் எரிந்தபோது சிறில் ஸ்டோர் வாசலில் மற்ற ஆண்களோடு இரவெல்லாம் காவல் நின்றான். அவ்வளவு திடமாக இருந்தவன், அடுத்த வருடம் நத்தாருக்குப் பத்து நாள் முன் ஒரு காலைப் பொழுது, கொழுந்து வாட்டும் மாடிக்குச் சாக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்தான். நெஞ்சு எரிகிறது, வாயு என்றான். வீரய்யா இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் குடித்து முடிக்குமுன் சாய்ந்துவிட்டான்.

பிணத்தைக் குளிப்பாட்ட ஆண்கள் லயத்து முற்றத்தில் மறைப்புக் கட்டினார்கள். பொத்தானைக் கழற்ற முடியாமல், வீரய்யா சட்டைக் கையைக் கத்தரியால் வெட்டினான். முழங்கைகள் வெளியே வந்தன. ஆறு வருடத்தில் அவை சிறு எலுமிச்சையளவுக்கு முற்றியிருந்தன. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். செம்பு பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் ஓர் அடி பின்வாங்கியதை, மறைப்பின் ஓரத்தில் நின்ற மார்கிரட் கண்டாள்.

அப்போது அவள் சொல்லியிருக்கவேண்டும். இது எனக்கு இருப்பதுதான், ஒட்டாது, தொடுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தன் கையை நீட்டிக் காட்டினாலே போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்; தெரிந்திருந்தும் அவனுக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி. பவுலின் இரண்டு பிள்ளைகளோடு பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். மார்கிரட் வீட்டுக்குள் போனாள். அவ்வருட நத்தாருக்குத் தைத்து மடித்து வைத்திருந்த புதுச் சட்டையை எடுத்துவந்து, யாரையும் தொடவிடாமல், ஈரத்தைத் தானே துடைத்து, தம்பியின் கைகளை அதற்குள் நுழைத்து மணிக்கட்டில் பொத்தானைப் பூட்டினாள். கூடியிருந்த பெண்கள் அழுதார்கள். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும் என்றார்கள்.

அவள் மூடிய வாய்க்கான விலையைப் பவுலின் கொடுத்தாள். அக்காவுக்கு இருப்பது வெறும் கட்டி, தம்பிக்கு இருந்ததுதான் அசல் வியாதி, அதைத்தான் மூடிப் புதைத்தார்கள் என்று பேச்சு பரவியது. பவுலினின் பையனோடு விளையாட லயத்துப் பிள்ளைகளை விடவில்லை. பீலியில் அவள் தண்ணீர் பிடிக்கும்வரை மற்றப் பெண்கள் தள்ளி நின்றார்கள். மாசி முடியுமுன் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திம்புள்ளைக்குத் தாய்வீடு போய்விட்டாள். போகும்போது மார்கிரட்டின் காலைத் தொட்டு, நீங்கள் ஒருத்திதான் அண்ணி அவரைக் கைவிடவில்லை என்று அழுதாள். மார்கிரட் அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடமாட்டோமா என்று நின்றாள். போகவும் இல்லை, பேசவும் இல்லை.

தவக்காலத்தில் தலவாக்கலைக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். பொய் சொன்னேன், சுவாமி என்றாள். எத்தனை தடவை என்று கேட்டார் குருவானவர். ஒரு தடவை என்றாள். யாருக்காவது அதனால் கேடு வந்ததா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லும்படி பணித்து ஆசி கொடுத்தார். அவள் முழங்காலில் நின்று மூன்றையும் சொன்னாள். மூன்றாவது முடிந்தபோது, தம்பியின் உயிருக்குத் தான் எவ்வளவு மலிவாகப் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டோம் என்று எண்ணி, நற்கருணையான நன்மை வாங்கப் போகாமல் பின்வரிசை வாங்கிலேயே உட்கார்ந்திருந்தாள். அதன்பின் எந்த ஞாயிறும் அவள் நன்மைக்கு எழுந்து போகவில்லை. தையல் இயந்திரத்தைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். கேட்டவர்களிடம், தம்பி இல்லாமல் தைக்க மனமில்லை என்றாள். அதையும் பாசமென்றே கொண்டார்கள்.

பெற்றீசியா இதற்குள் வளர்ந்து, தோட்டப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாக இருந்தாள். எண்பத்தாறாம் ஆண்டு சித்திரையில் உடப்புசல்லாவையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தபாற்கந்தோர் ஊழியன். தாய் சவரியம்மா, கோயில் மாதர் சங்கத்துத் தலைவி. வாய் பெரிது, மனம் கெட்டதில்லை. ஆவணியில் மோதிரம் மாற்றுவதாகப் பேச்சு.

வைகாசியில் ஒரு நாள் பீலியில் பெற்றீசியா கால் கழுவிக்கொண்டிருந்தாள். குதிகாலுக்கு மேலே, நரம்பு இறங்கும் இடத்தில், கயிறு முறுக்கேறினாற்போலத் தடித்திருந்ததை மார்கிரட் கண்டாள். அவள் கண்டதை மகளும் கண்டுகொண்டாள்.

“அம்மா, மாமாவுக்கு இருந்தது தானே இது?”

நாக்கு அதன் பழைய வழியிலேயே ஓடியது. நடந்து நடந்து சுளுக்கிக்கொண்டது, வேப்பெண்ணெய் போட்டால் வற்றிவிடும் என்றாள் மார்கிரட். அடுத்த சனிக்கிழமை தலவாக்கலைக்குப் போய், முனாப் நானாவின் கடையில் நல்ல வெள்ளைக் காலுறைகளாகப் பார்த்து வாங்கினாள். ஆசிரியை என்றால் காலுறை போட்டால்தான் மதிப்பு என்று மகளிடம் கொடுத்தாள். பெற்றீசியா வாங்கிக்கொண்டாள். மகள் அதைக் குனிந்து காலில் ஏற்றும்போதுதான், இறுக்கமான அதன் வாய் குதிகாலை மூடும்போதுதான், தான் மீண்டும் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறோம் என்பது மார்கிரட்டுக்கு உறைத்தது. உறைத்தும் அவள் கழற்றச் சொல்லவில்லை. ஆவணி முடியட்டும் என்று மனம் சொன்னது. அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருந்தாள்.

யூலை மாதத்தின் தொடக்கத்தில், பிள்ளைக்காம்பராவில் குழந்தையொன்றைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது அவளுக்கு நெஞ்சை யாரோ உள்ளிருந்து முறுக்குவதுபோல் வலித்தது. இடது கை மரத்தது. டொக்டரய்யா தாமதிக்காமல் தோட்டத்து லொறியிலேயே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வார்ட்டுக்கு வந்த பெரிய வைத்தியர், நோயாளியின் முகத்தைப் பார்க்குமுன் கைகளைப் பார்த்துவிட்டு நின்றார். கண்டியில் பார்த்த அதே பௌசியாதான், தலைமயிரில் நரை விழுந்திருந்தது; படங்கு சொல்லிக் கொடுத்த மார்கிரட்தானே என்று கேட்டார். இத்தனை வருடமும் மாணவர்களுக்கு அந்தப் படங்கைச் சொல்லியே கலம் கொழுப்பை எடுக்கும் விதத்தைப் படிப்பிப்பதாகவும் சொன்னார். மார்கிரட் அழுதாள். வைத்தியர் அதை நோயின் அயர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

யூலை 14ஆம் திகதி, பார்வை நேரத்தில், கண்ணாடிக்கு வெளியே தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. சவரியம்மா ஒரு பை தோடம்பழத்தோடு வந்து கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். சம்பந்தி இப்படிப் படுத்துக்கொண்டால் மோதிரத்தை யார் கையில் போடுவது, தாதிமார் கையிலா என்று சிரிப்புக் காட்டிக்கொண்டே பழம் உரித்தாள். சற்றுப் பின்னால் பெற்றீசியா வந்தாள். மழையில் நனைந்த செருப்போடு வந்தவள், கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவள் காலுறை போட்டிருக்கவில்லை. சேலைக் கரையை இடுப்பில் சற்று உயர்த்திச் செருகியிருந்ததால் குதிகால் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. மார்கிரட் மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் பார்வையை விலக்கவில்லை.

அந்நேரம் பௌசியா சுற்றி வந்தார். நாடி பார்த்தார், மருந்து எப்படி எடுக்கவேண்டும் என்று சொன்னார். வெளிநாட்டில் புது மருந்துகள் பரீட்சையில் இருக்கின்றன, இங்கு வர நாளாகும். ஆனால் இளம் வயதிலேயே தெரிந்துகொண்டால் இப்போதே செய்யக்கூடியவை பல உண்டு என்றார். பிறகு கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

“கண்டியில ஒரு தடவ இதே கேள்விய ஒங்ககிட்ட கேட்டேன். இல்லன்னீங்க. திரும்பக் கேக்குறேன், மார்கிரட். ஒங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்பிடி இருக்கா?”

தோடம்பழம் உரித்த சவரியம்மாவின் விரல்கள் நின்றன. வைத்தியரைத் தனியே அழைத்துப் பிறகு சொல்லலாம், அது குற்றமுமில்லை, எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பிறகு என்ற சொல் தன் வாயில் எங்கே போய் முடியும் என்பது மார்கிரட்டைப்போல் அறிந்தவர் எவருமில்லை. திம்புள்ளையில் வளரும் இரண்டு பிள்ளைகளை நினைத்தாள். மணிக்கட்டில் தான் பூட்டிய பொத்தானை நினைத்தாள். முகம் கழுத்துவரை சுட்டது. இம்முறை கைகளை அவள் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை.

“இருக்குங்க. செத்துப்போன என் தம்பி சிறிலுக்கு இருந்திச்சு, தெரிஞ்சேதான் மறைச்சேன். அவன் புள்ளைங்களுக்கு இன்னும் ரத்தம் பாக்கல. இந்தா நிக்கிற என் மகளுக்கு இருக்கு.”